ஒரு ‘நாங்க’வுக்காக நானூறு கிலோமீட்டர்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவன் நான், இரண்டு முறையும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. முதல் முறை கம்பத்தில் இடித்தேன். இரண்டாம் முறை கம்பத்தில் இடித்துவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்து, தேர்வு அதிகாரியின் ஸ்கூட்டரில் இடித்தேன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் போன் போட்டு, ‘தனியாகக் காரில் பயணம் செய்து கற்ற பத்துப் பாடங்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்டார். பயணச் சிறப்பிதழாம். “அதுக்கென்ன சார், குடுத்துடலாம்” என்றேன். எழுதுகிறவனிடம் யாராவது எதையாவது கேட்டுவிட்டால் மூளைக்குச் சேதி போவதற்குள் வாய் சம்மதித்துவிடுகிறது.

பாடங்கள் என்னிடம் இல்லை. ஆனால் யாரிடம் இருக்கின்றன என்று தெரியும். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரை மணிக்கு, என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவரிடம். ஊரில் அவருக்கு ‘மெதுவா டீச்சர்’ என்று பெயர். ஒரு மணி நேர வகுப்பில் ‘மெதுவா’ என்ற சொல்லை எத்தனை முறை சொல்வார் என்று அவரிடம் படித்தவர்கள் பந்தயம் கட்டுவதுண்டு. வயது ஐம்பத்துமூன்று. நான் அவரைவிட ஒரு வயது இளையவன். ஆகவே இது அறிந்த பெரியவர் அறியாத சிறியவனுக்குச் சொன்ன கதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு முழங்கால் வலிக்காரர்கள் பேசிக்கொண்டது.

பயிற்சிக் காரைப் பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். நாம் சொதப்பினால் அவர் அழுத்துவார். பத்தொன்பது வருடமாக டீச்சர் அந்தப் பக்கம்தான். ஒரே ஒரு முறை அதே காரில் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்து, தன்னந்தனியாக நானூறு கிலோமீட்டர் போனார். அதை எனக்கு ஒன்பது வகுப்புகளில், பாதிப் பாதி வாக்கியமாக, “கிளட்ச்... கிளட்ச் சார்!” என்பதற்கு நடுவில் சொன்னார். எழுதப்போகிறேன் என்று சொல்லாமலே கேட்டுக்கொண்டேன். திருட்டுதான். பிறகு மனசு உறுத்தி, எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதித் தந்ததை நட்சத்திரம் போட்டு அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

2

தொடக்கம். முதலில் இப்படி எழுதினேன்:

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. எதிரே நீண்டு கிடந்த சாலை அவளுடைய வாழ்க்கையைப் போலவே—

[நிறுத்திவிட்டேன். சாலையை வாழ்க்கையோடு ஒப்பிடாமல் ஒரு கார்க் கதை எழுத முடியுமா என்று பார்த்துவிடுவோம்.]

இரண்டாவது முயற்சி:

அவள் காரை எடுத்தாள்.*

மூன்றாவது முயற்சியை எழுதவில்லை. காரில் ஆரம்பித்ததே தப்பு என்று அதற்குள் புரிந்துவிட்டது. இந்தக் கதை காரில் ஆரம்பிக்கவில்லை, போனில் ஆரம்பித்தது.

* “நேர்ல ‘டீச்சர், வாங்க, உக்காருங்க’ன்னு மரியாதையா பேசறீங்க. கதைக்குள்ள போனதும் நான் எப்படி சார் ‘அவள்’ ஆயிட்டேன்?” இனி ‘அவர்’தான்.

2 (மறுபடியும்)

டீச்சருக்கு ஒரே மகள். இருபத்தாறு வயது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடமொன்றில், நானூறு கிலோமீட்டர் தள்ளி, வேலை பார்க்கிறாள். ஒருவருடைய வாயின் அச்சை வைத்து, ஆளையே பார்க்காமல், அவருக்குப் பொருந்துகிற பல்லை மெழுகில் செதுக்குவாளாம். கெட்டிக்காரி.

அந்த வேலைக்கு அவள் கிளம்பியபோது வீட்டில் பெரிய சண்டை. பெட்டியை மூடிக்கொண்டிருந்த மகளிடம் டீச்சர் சொன்னது இது: “எழுதி வெச்சுக்கோ. தனியா ஒரு மாசம்கூட நீ தாக்குப்பிடிக்க மாட்ட.”

சொன்ன மறு நிமிடமே தப்பு என்று தெரிந்தது. வகுப்பில் ஒருவர் தடுமாறும்போது, ஆபத்து வருமுன்னே பிரேக்கை அழுத்திவிடுவது அவருக்குக் காலில் ஊறிப்போன பழக்கம். அன்று அது நாக்கில் வந்துவிட்டது. மகள் பெட்டியை மூடினாள், போனாள்.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு மகள் போன் செய்வாள். மழையா வெயிலா, சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி, சரி வைக்கிறேன். பத்து நிமிடம். கோபமாகவும் பேச மாட்டாள், பாசமாகவும் பேச மாட்டாள். வங்கியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் அன்பாகப் பேசுவார்கள். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காக டீச்சர் ஞாயிறு காலை வகுப்பு எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, ஒன்பதாவது நிமிடத்தில், மகள் சொன்னாள்:

“சொல்ல மறந்துட்டேன். நாங்க வீடு மாத்திட்டோம்மா.”

“அப்படியா? நல்லதா இருக்கா?”

“ம். சரி, வெச்சிடறேன்.”

அவ்வளவுதான். போனை வைத்த பிறகுதான் டீச்சருக்குச் சுருக்கென்றது. நாங்களா? எந்த நாங்கள்?

3

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘நாம’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. ‘நாங்க’ என்றால் கேட்கிறவர் கதவுக்கு அந்தப் பக்கம். மூன்று வயதில், யாரும் சொல்லித் தராமலே, நாம் எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிற வித்தியாசம். அதற்கப்புறம் சாகும்வரை தப்பாகச் சொல்வதில்லை.

அதுவரை பெண்கள் விடுதியில் ஓர் அறையில் தனியாக இருந்தவள். ‘நான் வீடு மாத்திட்டேன்’ என்று சொல்லியிருக்க வேண்டியவள். ஒரே சொல்லில் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டாள்: எனக்கு யாரோ இருக்கிறார்கள், அதில் நீ இல்லை.

டீச்சர் எட்டு நாள் அந்தச் சொல்லை மென்றுகொண்டிருந்தார். வகுப்பில் ஒரு வங்கி ஊழியர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. “டீச்சர், நீங்க பிரேக் போடல!” என்று அந்த அம்மாவே பதறிச் சொல்லியிருக்கிறார்.

“ஒரு போன் போட்டு, யாருடி அந்த நாங்கன்னு கேட்டிருக்கலாமே டீச்சர்?” என்றேன்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அதோட அடுத்த ஞாயித்துக்கிழமை போன் வந்திருக்காது.”

இந்தக் கதையில் பறிபோகக்கூடிய பொருள் அதுதான். வாரத்துக்குப் பத்து நிமிடம். பெரிய கதைகளில் ராஜ்ஜியங்கள் போகும். இதில் அந்தப் பத்து நிமிடம் போனால் டீச்சருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

அடுத்த வாரம் மகளே ஒரு வழி திறந்தாள். படிப்புச் சான்றிதழ்கள் வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பு என்று புது முகவரியை அனுப்பியிருந்தாள். டீச்சர் போனை எடுத்தார்.

“தபால்ல போட்டா தொலைஞ்சிடும். நானே கொண்டு வந்து தரேன்.”



“யார் கூட வர?”

“யார் கூடவும் இல்ல. கார்ல வரேன்.”

“தனியாவா? நானூறு கிலோமீட்டர்மா.” மகள் ஒரு நொடி நிறுத்தினாள். “தாக்குப்பிடிப்பியா?”

4

[இந்தப் பகுதியில் டீச்சருடைய கணவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.*]

* “அது வேற கதை. அதை நீங்க எழுதக் கூடாது. நானும் எழுத மாட்டேன்.”

5

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். கட்டுரைக்குத் தேவையான பாடங்கள் இந்தப் பகுதியில்தான் கிடைத்தன. உதவி ஆசிரியருக்காக வரிசைப்படுத்த முயன்றேன்.

பாடம் ஒன்று: தண்ணீர் பாட்டிலை ஓட்டுகிறவருடைய இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது அது உருண்டு வந்து பிரேக்குக்குக் கீழே படுத்துக்கொள்ளும். (இதை மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன டீச்சர் அன்று அங்கேதான் வைத்திருந்தார். நல்லவேளை, உருண்டது சமதரையில்.)

பாடம் இரண்டு: தனியாகப் போகும்போது பிடித்த பாட்டையெல்லாம் கேட்கலாம் என்று நினைப்போம். முக்கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவோம்.

பாடம் மூன்று: காரின் தலையில் ‘பயிற்சி வாகனம்’ என்ற பலகை இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவும். டீச்சருடைய காரில் அது திருகாணி போட்டு முடுக்கிய பலகை. பத்தொன்பது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு உரிமம் வாங்கித் தந்தவர், அன்று சாலை முழுக்கக் கற்றுக்குட்டியாகப் போனார். லாரிக்காரர்கள் எட்டியே போனார்கள். ஒரு பேருந்தின் ஜன்னல் வழியாக ஒரு பெரியவர் தலையை நீட்டி, “பயப்படாதம்மா! மெதுவா போ, மெதுவா!” என்று கத்தினார். மெதுவா டீச்சருக்கே மெதுவா. சிரித்துச் சிரித்து ஓரம் கட்டிவிட்டார். பக்கத்தில் சொல்லிச் சிரிக்க ஆளில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பாடம் நான்கு. [இதை எப்படிப் பாடமாக எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.] ஒரு வளைவில் எதிரே ஒரு டிராக்டர் திடீரென்று வெளிப்பட்டது. டீச்சர் சரியாகத்தான் ஒடித்தார், சரியாகத்தான் நிறுத்தினார். ஆனால் நிறுத்தும் முன் அரை நொடி, பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்னொரு பிரேக், அதன்மேல் எந்தக் காலும் இல்லை.

“அப்போ என்ன நெனச்சீங்க டீச்சர்?”

“என்ன நெனைக்கிறது? இத்தனை வருஷமா எங்கிட்ட படிச்சதுங்க எல்லாம் என்னை நம்பித்தான் தப்பு பண்ணியிருக்குதுங்கன்னு நெனச்சேன். என் பொண்ணு ஒருத்திதான் நான் இல்லாம ஓட்டிப் பாக்கணும்னு போனா.” கூடவே, “இத எழுதாதீங்க, நாடகம் மாதிரி இருக்கும்” என்றார்.

எழுதிவிட்டேன்.

6

ஐந்தாவது பாடத்தை டீச்சர் கிளம்புவதற்கு முன்பே தயாராக வைத்திருந்தார். அவரிடம் படிக்கும் பெண்களுக்கெல்லாம் அவர் சொல்லி அனுப்புவது: தனியாகப் போகும்போது வழியில் யாராவது கேட்டால், ‘நான்’ என்று சொல்லாதே. ‘நாங்க’ என்று சொல்.

பாதி வழி தாண்டி ஒரு டயர் பஞ்சர். மாற்றுச் சக்கரத்தைத் தானே மாட்டிவிட்டார். அதிலும் காற்று குறைவு என்பதால் மூன்று கிலோமீட்டர் ஊர்ந்துபோய், சாலையோரம் இருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினார். தகரக் கூரை, வாசலில் அடுக்கிய பழைய டயர்கள், ஒரு தொட்டி கறுத்த தண்ணீர். கடையில் ஒரே ஆள், கட்டை மீசைக்காரர்.

“எத்தனை பேர் மேடம்?” என்று கேட்டார்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன், உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்காகக் கேட்ட கேள்வி. இது டீச்சருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“நாங்க நாலு பேர். மத்தவங்க பின்னாடி வேன்ல வந்துட்டிருக்காங்க.”

“ஓ. என்ன கலர் வேன்?”

“வெள்ளை.”

உலகத்தில் ஓடுகிற வேன்களில் பாதி வெள்ளை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கட்டை மீசைக்காரர் டியூபை உருவினார், தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தார், தேய்த்தார், பசை தடவி ஒட்டு வைத்தார். அப்புறம் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து நிழலில் போட்டுவிட்டு, சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் எழுந்து போய்க் கையை ஆட்டுவார். அது நிற்காமல் போகும். “இது இல்ல மேடம்” என்று திரும்பி வருவார்.

முதல் வேனுக்கு டீச்சரும் எட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். இரண்டாவதுக்குப் போனை எடுத்து, “எங்க இருக்கீங்க?” என்று வெறும் போனில் பேசினார். மூன்றாவது வேன், பாவம், நின்றே விட்டது. அதில் வந்த கோழிப்பண்ணைக்காரர் இறங்கி என்ன ஏதென்று விசாரித்துவிட்டுப் போனார். ஐந்தாவது வேனுக்கு அந்த மனிதர் வெயிலில் எழுந்து ஓடியபோது டீச்சருக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, வாங்க. உக்காருங்க. வேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் மட்டும்தான் வந்தேன்.”

“தெரியும் மேடம்” என்றார் கட்டை மீசைக்காரர்.

“தெரியுமா?”

“தனியா வர்ற லேடீஸ் எல்லாருமே பின்னாடி வேன் வருதுன்னுதான் சொல்றாங்க. நானும் எட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு வேனும் வந்ததில்ல.”

டீச்சருக்கு மானம் போயிற்று. “அப்புறம் எதுக்குண்ணே என்னை இவ்வளவு நேரம் உக்கார வெச்சீங்க?”

“ஒட்டு காய வேணாமா?”

“எல்லா வேனுக்கும் ஓடி ஓடிக் கைய ஆட்டுனீங்களே?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒருவேளை உங்க வேன் மட்டும் நெஜமா இருந்துட்டா?”

7

இந்த இடத்தில் கதை திரும்புகிறது. திரும்பியது டீச்சரா, நானா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் சும்மா சொன்னதில் நம்முடைய அர்த்தத்தைச் சொருகிவிட்டு, அவர் அப்படித்தான் உணர்ந்தார் என்று சாதிப்போம். அதனால் இந்தப் பகுதியை முதலில் கோடு போட்டு வெட்டியிருந்தேன். டீச்சர் ஓரத்தில் எழுதித் தந்த பிறகு திரும்பச் சேர்த்தேன்.*

கடையை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம் போயிருப்பார். இத்தனை நாளும் இருநூற்றைம்பது கிலோமீட்டரும் அவர் ஒரே ஒரு கோணத்தில்தான் யோசித்திருந்தார்: அந்த ‘நாங்க’வுக்குள் யார் இருக்கிறார்கள்? ஆணா? எப்படிப்பட்டவன்? அம்மாவிடம் சொல்ல முடியாதபடி என்ன இருக்கிறது? இப்போதுதான் தலைகீழாகத் தோன்றியது. அதற்குள் யாருமே இல்லாவிட்டால்?

தனியாக இருக்கும் பெண் எதற்கு ‘நாங்க’ என்று சொல்வாள்? கேட்கிறவரைப் பார்த்துப் பயந்தால் சொல்வாள். இவள் தனி, இவளால் முடியாது என்று எதிராளி நினைத்துவிடக் கூடாது என்றால் சொல்வாள். ‘ஒரு மாசம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்ட’ என்று சொன்ன அம்மாவிடம், பதினெட்டு மாதம் தாக்குப்பிடித்த மகள், வேறு எப்படிச் சொல்வாள்? பஞ்சர் கடைக்காரரிடம் தான் எதைச் சொன்னாரோ அதையே தன் மகள் தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தபோது டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. மகளுக்கு யாரோ இருக்கிறார்கள் என்பதற்காகக் கோபப்பட்டுக் கிளம்பியவர், அந்த யாரோ நிஜமாக இருக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டு மிச்ச தூரத்தை ஓட்டினார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ‘யாருடி அந்த நாங்க?’ இப்போது உதவாது. உள்ளே ஆள் இருந்தால் அந்தக் கேள்வி சண்டை. ஆள் இல்லாவிட்டால் அதைவிட மோசம். வெள்ளை வேனுக்குக் கை காட்டச் சொல்லி மகளை வெயிலில் நிறுத்துவதுபோல.

* “அங்கயே தோணுச்சு. நீங்க சொருகல. ஆனா நான் அழுதேன்னு முதல் பிரதில எழுதியிருந்தீங்க பாருங்க, அது பொய். கண்ணாடி திறந்திருந்துச்சு. தூசி.”

8

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது மாடி. கதவு.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கை அரிக்கும். வாசலில் எத்தனை ஜோடி செருப்பு? கொடியில் யாருடைய சட்டை? குளியலறையில் எத்தனை பல் துலக்கும் பிரஷ்? ஒன்றைச் சொன்னால் போதும், முடிவு தன்னால் விழுந்துவிடும். டீச்சரிடம் துருவித் துருவிக் கேட்டேன்.

“நான் கீழ பாக்கல சார். அவ மொகத்தத்தான் பாத்தேன். ஒன்றரை வருஷம் ஆச்சு.”

மகள் இளைத்திருந்தாள். முழங்கையில் வேலைக்கூடத்தில் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“வழியில ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

“டயர் பஞ்சர். பாத்துக்கிட்டேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான். நான் மட்டும்தான்.”

அந்த ‘நான்’ என்ற சொல்லை மகள் கேட்ட விதத்தை டீச்சர் எனக்கு நடித்தே காட்டினார். தலையை லேசாகச் சாய்த்து, அச்சில் பல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுபோல. அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

“நீ கொஞ்ச நேரம் படும்மா. சாயங்காலம் வெளிய போறோம்.”

9

இப்போது நீங்களும் நானும் டீச்சரும் ஒரே இடத்தில் நிற்கிறோம்.

போறோம். நம்முடைய மொழி மூன்று வயதிலிருந்து நமக்கு ஒரு கூர்மையான கத்தியைக் கொடுத்து வைத்திருக்கிறது: நாம, நாங்க. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லாமலே விட்டுவிடும் வசதியையும் கொடுத்திருக்கிறது. வினையின் கடைசியில் வருகிற ‘ஓம்’ இரண்டுக்கும் ஒன்றுதான். அதற்குள் கேட்கிறவர் உண்டா இல்லையா என்பதை அது சொல்லாது. நீ படுத்து ஓய்வெடு, நாங்கள் வெளியே போகிறோம். அல்லது, களைத்து வந்திருக்கிறாய், கொஞ்சம் படு, அப்புறம் நாம் போகலாம். அல்லது மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: வெள்ளை வேன்.

“மறந்து விட்டாளா, வேணும்னே விட்டாளா?” என்றேன்.

“இண்டிகேட்டர் போடுங்க சார்.”

“அதுக்கப்புறம் என்ன ஆச்சு?”

“கண்ணாடியப் பாருங்க. பின்னாடி பஸ் வருது.”

மூன்று வகுப்புகள் கெஞ்சிய பிறகு, தான் சொன்ன பதிலை மட்டும் சொன்னார். நானூறு கிலோமீட்டர் ஓட்டிவந்த பெண், இத்தனை நாள் தூங்காத பெண், மகளுடைய முதுகைப் பார்த்துக் கேட்டது இதுதான்:

“எத்தனை மணிக்கு?”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “அவ்வளவுதானா டீச்சர்? யாருன்னு கேக்கலையா? நானும் வரட்டுமான்னுகூடவா கேக்கல?”

“அதையெல்லாம் கேட்டா அவ பதில் சொல்லியே ஆகணும். இதுக்கு மட்டும்தான் அவ இஷ்டப்பட்ட பதிலைச் சொல்லலாம்.”

10

மகளுடைய பதிலை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. “அஞ்சு மணிக்கு. நாங்க வர ஒன்பது ஆயிடும், நீ சாப்பிட்டுத் தூங்கு.” [இதில் மகள் கொடுமைக்காரி ஆகிவிடுகிறாள். அவள் அப்படி இல்லை.]

ஆ. “அஞ்சு மணிக்கு. நல்ல புடவையா கட்டிக்கோ, உன்னைப் பாக்கணும்னு ஒருத்தர் வராரு.” [சிறப்பிதழுக்குப் பொருத்தம். ஆனால் அந்த ஒருவரை நான் கண்ணாடி போட்ட, பொறுமையான, சமைக்கத் தெரிந்தவராக எழுதிக்கொண்டே போனேன். இப்படிப்பட்டவர் கதைகளில் மட்டும்தான் கிடைப்பார்.]

இ. “யார்கூடன்னு கேக்க மாட்டியாம்மா?” என்று சொல்லிவிட்டு மகள் குழாயை மூடாமலே நின்றாள். தண்ணீர் டம்ளரை நிறைத்து, கையை நனைத்து— [என் கண்ணே கலங்கிவிட்டது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.]

மூன்றையும் டீச்சரிடம் காட்டினேன். பென்சிலை எடுக்கவே இல்லை. “மூணும் நல்லா இருக்கு சார். ஆனா மூணுலயும் பேசறது நீங்க” என்றார்.

உதவி ஆசிரியரிடம், பத்துப் பாடத்துக்குப் பதில் ஐந்து பாடமும் முடியாத ஒரு கதையும் இருக்கிறது என்றேன். முடிவை எழுதி அனுப்பினால் பார்க்கலாம் என்றார்.

கடைசியாக என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். எட்டாவது பகுதி முடிந்ததும் நிமிர்ந்து, “சாயங்காலம் நாம வெளிய போறோம்னு அந்தப் பொண்ணு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு” என்றாள்.

“நாமன்னு எங்க சொன்னா?”

“சொன்னாளே.” காகிதத்தைப் புரட்டினாள். தேடினாள். இல்லை. என்னைப் பார்த்தாள். “நீங்க என்னன்னு நெனச்சு எழுதினீங்க?”

நான் ‘நாங்க’ என்று நினைத்துத்தான் எழுதினேன். ஒன்பது வகுப்புகளிலும் ‘நாங்க’ என்றுதான் கேட்டேன். வேறு மாதிரி கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை அவளிடம் சொன்னேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இருபத்தோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அந்த வரியைப் படித்தபோது உங்கள் மனசும் ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டுதான் படித்திருக்கும். எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், மேலே போய்ச் சரிபார்க்கவும் வேண்டாம். டீச்சர் கூடத்தின் நடுவில் சான்றிதழ் உறையோடு நிற்கிறார். எத்தனை மணிக்கு என்று கேட்டாகிவிட்டது. மகள் குழாயை மூடிவிட்டுத் திரும்புகிறாள். அடுத்து அவள் பேச வேண்டியதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், கேட்கப்போகிறவர் நானூறு கிலோமீட்டர் தனியாக வந்திருக்கிறார்.